வலது மேல் மூலை

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரருக்கு ‘ஓரம்’ என்று பட்டப்பெயர். யாராவது ஒரு புகைப்படத்தை நீட்டினால் ஊர் உலகமே நடுவில் இருக்கிற முகத்தைப் பார்க்கும். இவர் முதலில் நாலு மூலையையும் பார்ப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “இடது பக்கம் கீழ கொஞ்சம் மங்கல்” என்பார். ஆசையாகக் கொண்டுவந்து காட்டியவர்களுக்கு முகம் சுருங்கிப்போகும். நான் மேசைக்கடியில் அவர் காலை மிதிப்பேன். “ஏன் மிதிக்கிற?” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்பார். இந்த மனிதரை அழைத்துக்கொண்டு நான் எந்த வீட்டுக்குப் போக முடியும், சொல்லுங்கள்.

பிழைப்புக்கு, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். வெள்ளைத் திரை, ஒரு ஸ்டூல், பல் உடைந்த சீப்பு, முகம் பார்க்கும் கண்ணாடி. அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் எடுப்பதுதான் வேலை. காது தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது, தலை சாயக் கூடாது. அந்தப் படங்களுக்கு ஓரம் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. முகத்தைச் சுற்றி வெள்ளைதானே. ஓரத்தைப் பார்ப்பதற்கென்றே பிறந்த மனிதர், ஓரமே இல்லாத படங்களை எடுத்து எடுத்து ஓய்ந்துபோயிருந்தார். வாய்விட்டு ஒரு நாளும் சொன்னதில்லை. கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே எனக்குத் தெரியும்.

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஊசி குத்துவது என் தொழில். “வீட்டுக்கு வந்து வாயாலயும் குத்துவா” என்று அப்பா சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும், அவரிடமிருந்துதான் வந்தது.

நாங்கள் இருப்பது அப்பாவின் வீட்டில். அப்பா கட்டட கான்ட்ராக்டராக இருந்து ஓய்ந்தவர். அம்மா போன பிறகு தனியாக இருக்க வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்ததால், என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்தே வீட்டோடு மாப்பிள்ளை. இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும். போடமாட்டார்கள். “மாமா, நீங்க முதல்ல உட்காருங்க”, “இல்ல மாப்பிள்ளை, நீங்க உட்காருங்க” என்று ஒரு நாற்காலிக்கு இரண்டு பேரும் நின்றுகொண்டே காபி குடித்துவிடுவார்கள். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. அந்த மரியாதையைத் தூக்கி அடுப்பில் போட வேண்டும் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

எங்கள் அறையை அப்பா கல்யாணத்துக்கென்றே புதிதாகக் கட்டினார். அதில் ஒரே ஒரு சட்டம்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. “இந்தச் சுவத்துல ஒரு நூல் கோணல் காட்டு, என் பேரை மாத்திக்கறேன். இதுல போய் ஓட்டை போடுவாங்களா?” என்பார். வந்த புதிதில் என் வீட்டுக்காரர் தான் எடுத்த படங்களில் பிடித்தவற்றைச் சட்டம் போட்டு எடுத்து வந்திருந்தார். அப்பா அப்படிச் சொன்னதும், “சரி மாமா” என்று எல்லாவற்றையும் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். அதோடு சரி. புகைப்படக்காரர் குடியிருக்கிற அறையில் ஒரு புகைப்படம் கிடையாது. பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அந்தச் சட்டங்களில் இடிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படி இருக்கையில்தான் நில வரைபடக் காப்பகத்திலிருந்து அந்த அறிவிப்பு வந்தது. அவர்களிடம் பழைய நில வரைபடங்கள் அறை அறையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் படம் எடுத்துக் கணினியில் ஏற்ற வேண்டும். பல வருஷத்து வேலை. வரைபடத்தின் மூலையில் எறும்பு மாதிரி எழுதியிருக்கிற எண்கூடத் தெளிவாக விழ வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதைப் படித்தபோது இவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உலகத்தில் ஒரு இடத்திலாவது மூலையைப் பார்க்கிற ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். “இது எனக்குன்னே வந்த மாதிரி இருக்கு” என்று மெதுவாகச் சொன்னார். எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவர் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

காப்பகத்தை நடத்துகிற மேடம் எல்லோருக்கும் ஒரு சோதனைத் தாள் கொடுத்தார். செய்தித்தாளை விரித்த அளவு, முழுக்க மெல்லிய கோடுகள், நாலு மூலையிலும் பொடிப்பொடி எழுத்து. அதைச் சமமான இடத்தில் ஒட்டி, லென்ஸின் துளையை அவர்கள் சொன்ன அளவுக்குத் திறந்து, படம் எடுத்துத் தர வேண்டும். கேமரா பதிந்தபடியே இருக்கிற ரா ஃபைலையும் சேர்த்துத் தர வேண்டும். கூர்மை ஏற்றுகிற தில்லுமுல்லு எதுவும் கூடாது. மூன்று முறை கொடுக்கலாம். மூன்றாவதும் தேறாவிட்டால் வேறு ஆள்.

அப்பாவுக்கு ஒரே உற்சாகம். “வேற எங்கயும் போகாதீங்க மாப்பிள்ளை. நம்ம ரூம் சுவர் இருக்கே. இதைவிடச் சமமா ஒரு இடம் உங்களுக்கு எந்த ஊர்லயும் கிடைக்காது” என்று தானே தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆணி கூடாதே, அதனால் டேப் போட்டு ஒட்டினார்கள். சுவரின் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து, அதில் லென்ஸ் தன் முகத்தையே நடுவாகப் பார்க்கிற வரைக்கும் கேமராவை நகர்த்தினார் இவர். கேமரா சுவருக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்கிற வித்தையாம் அது. அரை நாள் அதிலேயே போயிற்று.

முதல் படம் திரும்பி வந்துவிட்டது. “வலது மேல் மூலை மங்கல். மற்ற மூன்றும் நன்று” என்று மேடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி லேசாகச் சாய்ந்திருந்தாலும் ஒரு மூலை மட்டும் மங்குமாம். இவர் அதையே பிடித்துக்கொண்டார். துளையை ரொம்பச் சுருக்கிப் பார்த்தார். மூலை தேறியது, ஆனால் படம் மொத்தமும் சோர்ந்துபோயிற்று, அதுவும் அவர்கள் சொன்ன அளவு இல்லை. கடைசியில் லென்ஸைப் பஞ்சில் சுற்றிப் பழுது பார்ப்பவருக்கு அனுப்பினார். அந்த மனிதர் பார்த்துவிட்டு, “சுத்தமா இருக்கு சார்” என்று திருப்பி அனுப்பினார். இவர் நம்பவில்லை, மறுபடி அனுப்பினார். அவரும் மறுபடி திருப்பி அனுப்பினார், இந்த முறை பஞ்சுகூட இல்லாமல். பிறகு போனில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். “சார், நான் இந்தத் தொழில்ல தலை நரைச்சவன், லென்ஸ்ல ஒண்ணுமே இல்ல” என்று அவர் கத்தியது சமையலறை வரை கேட்டது.

அந்தச் சமயத்தில் எங்களையும் விட்டுவைக்கவில்லை. நான் தலை வாரிக்கொண்டிருந்தால், “அப்படியே நில்லு, முடி தனித்தனியா தெரியுதான்னு பாக்கறேன்” என்பார். அப்பா மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் கொடிக் கயிற்றின் முறுக்கைப் படம் பிடிப்பார். எதை எடுத்தாலும் லென்ஸ் நன்றாகத்தான் இருந்தது. அறைக்கு வந்து சுவரில் தாளை ஒட்டினால் மட்டும் வலது மேல் மூலை மங்கும். இவ்வளவு தெரிந்த பிறகும், அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று இவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். சின்ன வயதிலிருந்து அப்பாவின் சுவர் புராணத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

இரண்டாவது படமும் திரும்பி வந்தது. அதே மூலை.

“அந்தம்மாவுக்கு வேண்டிய ஆளு வேற யாரோ இருக்கு. நானே வந்து பேசறேன். எத்தனை ஆபீசரைப் பாத்திருப்பேன்” என்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். இவர் பதறிப்போய்த் தடுத்தார். “இல்ல மாமா, மூலை மங்கல்தான். அவங்க சொல்றது சரி.” அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு, “அப்ப உங்க லென்ஸை மாத்துங்க மாப்பிள்ளை” என்றார்.

லென்ஸ் பழுது பார்ப்பவர்தான், பிடுங்கல் தாங்காமல், ஒரு யோசனை சொன்னார். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி ஒரு படம் எடுக்க வேண்டும். லென்ஸில் குறை இருந்தால் மங்கலும் அதோடு சேர்ந்து தாளின் வேறு மூலைக்குப் போய்விடும். இவர் அப்படியே செய்தார். மங்கல் நகரவில்லை. தாளின் அதே வலது மேல் மூலையில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

“லென்ஸ் மேல தப்பில்ல” என்று என்னிடம் சொன்னபோது அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “பாவம், அந்த மனுஷனை என்னென்னமோ பேசிட்டேன்.”

“அப்ப தப்பு எதுல?”

கொஞ்சம் யோசித்தார். பிறகு, “சாஃப்ட்வேர்” என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ரா ஃபைல் என்றால் என்ன என்று எனக்கு ஆயிரம் தரம் விளக்கியிருக்கிறார். கேமரா தான் பார்த்ததை எந்த மெருகும் போடாமல் அப்படியே வைத்துக்கொள்வதுதான் அது. சமைக்காத காய்கறி மாதிரி. அதைக் கண்ணால் பார்க்கிற படமாக ஆக்கித் தருவது கணினியில் இருக்கிற சாஃப்ட்வேர். ஒரே காயை மூன்று பேர் சமைத்தால் மூன்று ருசி வருவது மாதிரி, ஒரே ரா ஃபைல் மூன்று சாஃப்ட்வேரில் மூன்று விதமாக வருமாம். ஆகவே சமையல்காரரை மாற்றினால் மூலை தேறிவிடும் என்பது இவர் கணக்கு.

முதலாவது, கேமரா கம்பெனியே இனாமாகக் கொடுத்தது. ஒரு படத்தைத் திற என்று சொன்னால், அது யோசித்து முடிப்பதற்குள் நான் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்துவிடுவேன். இரண்டாவது, மாதாமாதம் வாடகை கேட்பது. பார்க்க அழகு, வேலையும் மளமளவென்று. ஆனால் யாரும் கேட்காமலே அதுவாகக் கூர்மை ஏற்றியது. “நான் சொல்லவே இல்லையே, இது யாரைக் கேட்டு ஏத்துது?” என்று இவர் கணினியோடு சண்டை போட்டார். அதை நிறுத்துகிற இடத்தைத் தேடிப் பிடித்து நிறுத்தினால், புள்ளி புள்ளியாகத் தெரிகிற இரைச்சலைத் துடைக்கிறேன் என்று இன்னொன்று வந்து பொடி எழுத்தை மெழுகிவிடும். அதையும் நிறுத்தினால், ஓரத்தை நேராக்குகிறேன் என்று மூலையையே கொஞ்சம் கத்தரித்துவிடும். வீட்டில் நான் ஒருத்தி போதாதென்று, கேட்காமலே திருத்துகிற இன்னொரு ஆள். எனக்கே அதைப் பிடிக்கவில்லை.

மூன்றாவது, யாரோ நல்ல மனசுக்காரர்கள் சேர்ந்து சும்மா கொடுப்பது. விமானம் ஓட்டுகிற மாதிரி ஏகப்பட்ட பட்டன். எது எதற்கு என்று எழுதி வைத்தவர்களுக்கே மறந்துபோயிருக்கும். ஆனால் இவருக்கு அதுதான் பிடித்தது. ஒரு நாள் சாயங்காலம் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

“இது பொய்யே சொல்லாது. மங்கலை மங்கலாவே காட்டுது பாரு.”

“அதுக்கா இத்தனை பாடு?” என்றேன். “மங்கல்னு முதல்லயே தெரியுமே.”

மூன்று சமையல்காரர்களும் சேர்ந்து ஒரே சாட்சி சொன்னார்கள்: வலது மேல் மூலை. மூன்றாவது படம் கொடுக்க இன்னும் ஒரே ஒரு நாள்தான் பாக்கி. அன்று காலையில் செருப்பை மாட்டும்போது அவர், “கடையையே பாத்துக்கறேன். எனக்கு எழுதினது அதுதான் போல” என்றார். நான் ஏதோ பதில் சொல்லத் திரும்பினால், ஆள் படி இறங்கிவிட்டார்.

அன்றைக்கு எங்கள் நிலையத்தில் ஒரு பெரியவரின் ரத்தத்தில் பொட்டாசியம் ஏகத்துக்கும் கூடுதலாகக் காட்டியது. அவ்வளவு இருந்தால் ஆள் எழுந்து நடமாட முடியாது. அவரோ வெளியே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மிஷின் சரியில்லை என்று ஒருத்தி சொன்னாள். இன்னொரு மிஷினில் போட்டோம். அதே எண். இரண்டு மிஷினும் கூடிப்பேசிக்கொண்டு ஒரே பொய்யைச் சொல்லாது. குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். எடுத்த ரத்தமே கெட்டிருந்தது. மறுபடி எடுத்துப் போட்டோம், எண் சரியாக வந்தது. குழாயைக் குப்பையில் போடும்போதுதான் எனக்குச் சுரீரென்று உறைத்தது. அனுமதி கேட்டுக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இவர் கடையை மூடிவிட்டு எனக்கு முன்பே வந்து, சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“லென்ஸ் சரி. கேமராவைத் தலைகீழா வச்சாலும் அதே இடம். மூணு சாஃப்ட்வேர்லயும் அதே இடம். இதுல மாறாம இருக்கறது எதுங்க?”

“என்ன கேக்கற?”

“எந்த மிஷின்ல போட்டாலும் ஒரே ரிசல்ட்டுன்னா நாங்க மிஷினைத் திட்டமாட்டோம். சாம்பிளைப் பாப்போம்.”

ஜன்னல் திரைச்சீலைக் கம்பியை உருவினேன். தாளைப் பிய்த்துவிட்டுக் கம்பியைச் சுவரில் படுக்கவைத்து, இரண்டு கையாலும் அழுத்தினேன். நேரான சுவர் என்றால் கம்பி படிந்து நிற்க வேண்டும். அது ஆடியது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பியது. வலது பக்கம் மேலே, சரியாக அந்த மூலை வருகிற இடத்தில், சுவர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. வெள்ளையடித்த சுவரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. லென்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. மாதக்கணக்காக அது உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள் அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

இவர் கம்பியையே பார்த்தார். எழுந்து வந்து தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். கம்பி டக்கென்று ஒலித்தது. ஆள் சந்தோஷத்தில் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, “மெதுவா. மாமா ஹால்ல இருக்காரு” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கம்பியை என்ன செய்திருப்பேனோ. “இத்தனை நாள் பாடா பட்டது போதாதா? இப்பவும் மாமாவா?”

“அவர் மனசு கஷ்டப்படும்.”

“உங்க மனசு?”

அவர் மறுபடி கதவுப் பக்கம் பார்த்தார். இனி பேசிப் பயனில்லை என்று நானே தாளை எடுத்து அறைக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டினேன். தச்சர் இழைத்த பலகைக் கதவு. கம்பியை வைத்தால் படிந்து நின்றது. கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். இவர் கண்ணாடி வித்தையை முடித்துவிட்டுக் கேமராவின் பட்டனில் கை வைக்கிற நேரம், வெளியே கதவு தட்டும் சத்தம். தாள் நடுங்கியது.

“என்னம்மா, கதவைச் சாத்திட்டு?” அப்பாவின் குரல்.

இவர் கையை எடுத்துக்கொண்டார். சத்தம் நின்றதும் மறுபடி கை வைத்தார். மறுபடி தட்டல். “தட்டாதீங்கப்பா” என்று நான் கத்தினேன். பிறகு வீடே கப்சிப் என்று ஆகிவிட்டது. நாலைந்து படம் எடுத்தார். கணினியில் ஏற்றி, அந்தப் பொய் சொல்லாத சாஃப்ட்வேரில் திறந்து, வலது மேல் மூலையைப் பெரிதாக்கினார். எறும்பு எழுத்து ஒவ்வொன்றும் கால் கையோடு நின்றது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மற்ற மூன்று மூலையையும் பார்க்கப் போனார். நடுவில் இருப்பதை அப்போதும் பார்க்கவில்லை.

நான் கதவைத் திறந்தேன். அப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கதவோடு சேர்ந்து தாள் திரும்பியதைப் பார்த்தார். காலியான சுவரைப் பார்த்தார். சுவரில் சாய்ந்திருந்த திரைச்சீலைக் கம்பியைப் பார்த்தார்.

“ஏன் மாப்பிள்ளை, கதவுல?”

“வெளிச்சம் இந்தப் பக்கம் நல்லா விழுது மாமா” என்றார் இவர், தலையைத் தூக்காமல்.

அப்பா ‘ம்’ என்றார். அந்த அறையில் வெளிச்சம் எந்தப் பக்கம் விழும் என்று அதைக் கட்டியவருக்குத் தெரியாதா. மறுநாள் காலையில் நாங்கள் கிளம்பும்போது, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். “நானும் வரேன்” என்றார். வேண்டாம் என்று சொல்ல இவருக்கு ஏது வாய்.

மேடம் ஐம்பதைத் தாண்டியவர். இவரைப் போலவே முதலில் மூலையைத்தான் பார்த்தார். நாலு மூலையையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“நல்லா இருக்கு. ரெண்டு தடவை வராதது இப்ப எப்படி வந்துச்சு? என்ன மாத்துனீங்க?”

சொல்வதற்கு ஒரு வார்த்தைதான். இவர் ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தார். பிறகு, “லென்ஸ் மேடம். வேற லென்ஸ் போட்டேன்” என்றார்.

ரா ஃபைலுக்குள் என்ன லென்ஸ், என்ன நம்பர் என்று எல்லாம் பதிந்திருக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். மேடம் பழைய இரண்டு ஃபைலையும் திறந்து, மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

“மூணுலயும் ஒரே லென்ஸ்தான். நம்பர்கூட அதே.” கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “கூர்மை ஏத்தி எடுத்துட்டு வந்தீங்களா?”

“இல்ல மேடம்.”

“அப்ப ஏன் மாத்திச் சொல்றீங்க? படம் எங்க வேணும்னாலும் கிடைக்கும். இருக்கறதை இருக்கற மாதிரி எடுத்துக் குடுக்கறவர்தான் எனக்கு வேணும். இந்த வேலைக்கு அது ஒண்ணுதான் தகுதி.”

இத்தனை நாள் ஏங்கிய வேலை கண் முன்னால் நழுவிக்கொண்டிருக்கிறது. மனிதர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பொறுத்தது போதும் என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அதற்குள் பின்னாலிருந்து நாற்காலி நகரும் சத்தம். அப்பா எழுந்து வந்து மேசைக்கு முன்னால் நின்றார்.

“மாப்பிள்ளை லென்ஸை மாத்தல மேடம். சுவரை மாத்தினாரு. முதல் ரெண்டும் எங்க வீட்டுச் சுவத்துல ஒட்டி எடுத்தது. சுவர் கோணல்.” பழைய படத்தில் அந்த மூலையைக் காட்டினார். “கட்டினது நான்.”

மேடம் அப்பாவையும் இவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

“எவ்வளவு கோணல்?”

“அளக்கல மேடம். அளக்கப் பயமா இருந்துச்சு” என்றார் அப்பா.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய படங்களுக்குத் திரும்பினார். இரண்டிலும் மங்கல் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே மாதிரி படர்ந்திருப்பதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “அதே லென்ஸ்ல மூணாவது தெளிவா இருக்கே. சுவர்தான், வாஸ்தவம்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு இவரிடம், “அடுத்த வாரத்துலேர்ந்து வாங்க. இங்க எங்க சுவர்ல நம்பிக்கை வைக்காதீங்க, முதல்ல அளந்துடுங்க” என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அப்பாவோடு பேசவில்லை. வீட்டு வாசலில் அவரே ஆரம்பித்தார். “கல்யாணத் தேதி நெருங்கிடுச்சுன்னு அவசரத்துல பூசினது. தண்ணி சரியா ஊத்தல. ஆணி அடிச்சா காரை பொத்துக்கிட்டு வரும்னு தெரியும். மாப்பிள்ளை வந்த புதுசுல அது தெரியக் கூடாதுன்னு நினைச்சேன்.” சாவியைத் தேடுகிற மாதிரி பையைத் துழாவினார். “அப்புறம் சொல்ற நேரம் தாண்டிப்போச்சு.” எனக்கு நாக்கு நுனி வரை ஏதேதோ வந்தது. இவர், “அதெல்லாம் விடுங்க மாமா, உள்ள வாங்க, வெயில்” என்று கதவைத் திறந்தார். எனக்கு இரண்டு பேர் மேலும் ஒரே அளவு கோபம் வந்தது.

அடுத்த வாரமே அப்பா கொத்தனாரைக் கூட்டி வந்து அந்தச் சுவரைக் கொத்தச் சொன்னார். உளியைத் தொட்டதும் காரை பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே இரண்டு வரிசைக் கல் வெளியே தள்ளியிருந்தது. அதை எடுத்துக் கட்டி, புதிதாகப் பூசி, இந்த முறை அப்பா தானே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். நாங்கள் ஹாலில் படுத்தோம். வீடெல்லாம் சிமெண்ட் தூசி. லென்ஸை இவர் மூன்று துணியில் சுற்றி என் புடவை அடுக்குக்குள் வைத்தார்.

சுவர் காய்ந்த பிறகு ஒரு நாள், இவர் காப்பகத்திலிருந்து வந்து சட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது, அப்பா கையில் சுத்தியலோடு அறைக்குள் வந்தார். இன்னொரு கையில் ஆணி. காதில் பென்சில்.

“எங்க அடிக்கட்டும் மாப்பிள்ளை?”

“எதுக்கு மாமா? வேணாம். புதுச் சுவர்.”

“சொல்லுங்க.”

“பரவாயில்ல மாமா, இருக்கட்டும்.”

“சொல்லித் தொலைங்களேன்” என்றேன் நான், கட்டிலுக்கடியில் கிடந்த சட்டங்களைத் துடைப்பத்தால் வெளியே தள்ளிக்கொண்டே.

இவர் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு நேராகச் சுவரிடம் போய் ஒரு இடத்தில் விரலை வைத்தார். எதையும் அளந்தே பழகிய மனிதர் அன்று அளக்கவில்லை; தள்ளி நின்று பார்க்கவில்லை, யோசிக்கவும் இல்லை. அந்த அறைக்குக் குடிவந்த நாளிலேயே பார்த்து வைத்த இடம் அது என்று எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, விரலுக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.